முல்தானி மட்டி சங்கம்

"அந்தச் சங்கத்துக்கு உங்க வீட்டம்மாதான் சார் தலைவி!"

முதல் மாடி புருஷோத்தமன் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனதும் நடேசனுக்கு மானமே போய்விட்டது. அல்வால் பகுதியில் பதினாறு வீடுகள் கொண்ட அந்த அபார்ட்மென்ட்டுக்கு அவர்தான் செக்ரட்டரி. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற கோடையில், 'சொட்டுக்கூட வீணாக்காதீர்' என்று நோட்டீஸ் ஒட்டியவரும் அவர்தான்.

அவர் மனைவி தங்கமோ, ஞாயிறுதோறும் பெண்களை மொட்டைமாடிக்குத் திரட்டிக்கொண்டு போய், முல்தானி மட்டியைத் தயிரில் குழைத்து முகத்தில் அப்பி, பிறகு கழுவு கழுவென்று கழுவுகிறாளாம்.

"ஐம்பத்திரண்டு வயசுல அழகிப் போட்டிக்கா போகப் போறா?" முணுமுணுத்தபடி படியேறினார்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் ஐந்து பேர். ஐந்து முகமும் காய்ந்த ஏரி மாதிரி இருந்தது. பேசினால் பூச்சு வெடித்துவிடும் என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. புடவையை வைத்துத்தான் மனைவியைக் கண்டுபிடித்தார்.

"தங்கம்! எல்லாரும் உடனே கழுவிட்டுக் கீழே இறங்குங்க. இனிமே இந்தக் கூத்து இங்க நடக்கக் கூடாது."

"ம்ம்... ம்ம்..." விரலை ஆட்டினாள் தங்கம்.

"என்ன ம்ம்? இப்பவே கழுவுங்கன்னா கழுவணும்!"

ஐந்தாவது ஆள், ஜீன்ஸ் போட்டவள், தலையைக் குனிந்துகொண்டாள்.

தங்கம் அவரைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப் போனாள். பூச்சு பொலபொலவென்று உதிர, "கத்தாதீங்க. அது தாரிணி" என்றாள்.

நடேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாவது மாடி சாப்ட்வேர் பெண். முகத்தில் வெண்புள்ளி பரவியதும் வேலையை விட்டுவிட்டு, ஆறு மாதமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டவள்.

"எல்லாரும் மூஞ்சியையே பாக்கறாங்க, என்ன ஆச்சுன்னு கேக்கறாங்கன்னு அழுதா. எங்க மூஞ்சியும் உன் மூஞ்சியும் ஒரே மாதிரி இருந்தா மாடிக்கு வருவியான்னு கேட்டேன். மட்டி காயற வரைக்கும் யாரும் எதுவும் கேக்கவும் முடியாது பாருங்க. மூணு வாரமா வரா, வீட்டுக்குப் போய்த்தான் கழுவிக்கறா. இப்ப எல்லார் எதிர்லயும் கழுவச் சொன்னா, மறுபடி ரூமுக்குள்ள போயிடுவா."

நடேசனுக்குக் கண் கலங்கியது. அவசரமாகத் திரும்பி ஓடினார்.

"யாரும் கழுவ வேணாம்! சாயங்காலம் வரைக்கும்கூட இருங்க!"

அதற்குள் குழாயடியில் தாரிணி நிமிர்ந்தாள். வெள்ளையும் மாநிறமுமாக ஈர முகம் வெயிலில் பளபளத்தது. தோளில் துண்டு இருந்தும் மறைத்துக்கொள்ளவில்லை.

"ஆன்ட்டிங்களைத் திட்டாதீங்க அங்கிள். நான் கழுவிட்டேன். ஒரே ஒரு மக் தண்ணிதான் ஆச்சு."