நுனியில்லாத மோதிர விரல்

டிக்கெட் கவுன்டரின் கண்ணாடி முழுக்க அறிவிப்புகள் ஒட்டியிருந்ததால் ஞானசுந்தரிக்கு ஆட்களின் முகம் தெரியாது. அடியில் இருக்கும் ஓட்டை வழியாக நீளும் கைகள்தான் தெரியும். அன்று காலை நீண்ட ஒரு கையில் மோதிர விரலின் நுனி இல்லை. அந்தக் காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக் கட்டியவளே அவள்தான்.

அவள் கணவன் சற்குணம் ரயில்வேயில் வேலை பார்த்தவன். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். ஏழு வருடம் கழித்து, அவன் இறந்துவிட்டதாகக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து தீர்ப்பு வாங்கினாள். அதனால் கிடைத்ததுதான் இந்த நாற்காலி. வெளியே வந்ததும் வக்கீல் சொன்னார்: "இனிமே அவரே வந்து நின்னாலும் உயிரோட இருக்கார்னு நீ சொல்ல முடியாதும்மா. ஒரே வாயால ரெண்டு பேச்சு பேசினா கோர்ட்டு கேக்காது." அவள் தலையாட்டினாள். அன்று ராத்திரியும் உள்தாழ்ப்பாள் போடாமல்தான் படுத்தாள்.

"எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"அடுத்த ஸ்டேஷன்." குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான்.

டிக்கெட்டை ஓட்டையில் வைத்தாள். அவன் அதன் மறுமுனையைப் பிடித்தான். அவள் தன் கட்டைவிரலை எடுக்கவில்லை.

"சீக்கிரம் குடும்மா, வண்டி வந்துருச்சு" என்று வரிசையில் யாரோ அலுத்துக்கொண்டார்கள். பிளாட்பாரம் அதிர்ந்தது. குறைவிரல் டிக்கெட்டை மெல்ல இழுத்தது.

ஞானசுந்தரி நிமிராமல் சொன்னாள்: "இதுக்கு அப்புறமும் ஒரு வண்டி இருக்கு."