வாசலில் கவுண்டி முத்திரை

"இது கவுண்டி ஆபீஸ் இல்லைங்க, எங்க வீடு" என்று இங்கிலீஷில் விளக்கி, காரில் வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை நஞ்சப்பன் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ரஞ்சித்குமார் போய் இறங்கியது அந்த நேரத்தில்தான். காலையிலிருந்து இதே கூத்து என்றார் அவர். சொத்து வரி பற்றிக் கேட்டு ஒருத்தர், ஓட்டர் லிஸ்ட்டில் பெயர் சேர்க்க இன்னொருத்தர்.

வராமல் என்ன செய்வார்கள்? வீட்டு டிரைவ்வே முழுக்க, கார் நிறுத்த இடம் விடாமல், அந்த ஊர் மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் அதிகாரபூர்வ முத்திரை கோலப்பொடியில் பளிச்சென்று கிடந்தது. அதன் ஓரத்தில் முழங்காலிட்டு, கடைசி எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள் நஞ்சப்பனின் மனைவி கலாவதி.

ரஞ்சித்குமார் ஈரோட்டுக்காரன். இந்த முத்திரையை யார், எதற்கு உபயோகிக்கலாம் என்று பார்த்துக்கொள்வதுதான் கவுண்டியில் அவன் வேலை. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. டீ-ஷர்ட்டில் அடித்தவர்களையும் விளம்பரத்தில் போட்ட வீட்டு புரோக்கர்களையும் விரட்டிப் பிடித்திருக்கிறான். கோலமாகப் போட்டவரை இப்போதுதான் பார்க்கிறான். யாரோ போட்டோ எடுத்து அனுப்ப, "உங்க ஊர்க்காரங்கதானே, நீயே போய்ப் பேசு" என்று மேலதிகாரி சனிக்கிழமையும் அதுவுமாகத் துரத்திவிட்டிருந்தாள்.

"ஆன்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த முத்திரையை கவுண்டியைத் தவிர யாரும் யூஸ் பண்ணக்கூடாதுங்க. பாக்கறவங்க ஆபீஸ்னு கன்ஃப்யூஸ் ஆகறாங்க பாருங்க."

கலாவதி நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா வந்திருக்கா கண்ணு?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகத்தான் வந்திருந்தது. நடுவில் ஒற்றை நட்சத்திரம், அதைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் கயிறு, கொஞ்சமும் பிசிறில்லை. பக்கத்தில் படம் எதுவும் இல்லை, பார்க்காமலே போட்டிருக்கிறாள்.

"சூப்பரா இருக்குங்க. அதுலயும் இந்தக் கயிறு போடறது ரொம்பக் கஷ்டம். எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியாது."

"கயிறா?"

"ஆமாங்க. கௌபாய் மாட்டு மேல வீசற கயிறு. உள்ள இருக்கற புள்ளியெல்லாம் பருத்தி விதை. எங்க மேனுவல்ல அப்படித்தான் போட்டிருக்கு. ஸ்கூல் பசங்களுக்குப் போட்டி வெச்சு செலக்ட் பண்ண டிசைனாம்."

"பருத்தி விதை" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள் கலாவதி. சிரிக்கப் போகிறவள் மாதிரி இருந்தது, சிரிக்கவில்லை.

நஞ்சப்பன் அவனைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். "தம்பி, ஒரு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் வாசல்ல கோலமே போட்டிருக்கா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இருக்கட்டுங்க. பொழுது சாஞ்சதும் நானே கழுவி விட்டுடறேன்."

ஊருக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். மனசு இளகத்தான் செய்தது. பாழாய்ப்போன நேரம், அப்போது பார்த்து இன்னொரு கார் வேகம் குறைந்து வாசலில் நின்றது.

"எனக்கும் விட்டுட ஆசைதான் அங்கிள். ஆனா டிசைன் கவுண்டியோட பிராப்பர்ட்டி. வரைஞ்சவங்களே வந்து கேட்டாலும் பெர்மிஷன் இல்லாம யூஸ் பண்ண முடியாதுங்க."

"தம்பி, அது வந்து..."

"விடுங்க" என்றாள் கலாவதி. "கையெழுத்துப் போட்டுக் குடுத்தா குடுத்ததுதான். அந்தப் பையன் என்ன பண்ணும், பாவம்."

எந்தக் கையெழுத்து என்று அவனுக்குப் புரியவில்லை. சண்டையில்லாமல் முடிந்ததே பெரிய விஷயமாக இருந்ததால் கேட்கவும் தோன்றவில்லை.

கலாவதியே போய் ஹோஸ் பைப்பை இழுத்து வந்தாள். தண்ணீர் வந்ததும் கோலத்துக்கு முன்னால் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். தண்ணீர் அவள் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு பைப்பை அவனிடம் நீட்டினாள்.

"எனக்கு மனசு வரல. நீயே பண்ணிடு கண்ணு."

அவனுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டான். முதலில் நட்சத்திரம் கரைந்தது. வெள்ளைத் தண்ணீர் சரிவில் இறங்கித் தெருவுக்குப் போனது. நஞ்சப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கராஜ் பக்கம் போய்விட்டார். கலாவதி மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சுழிகிட்ட மெதுவா கண்ணு" என்றாள். "வேகமா அடிக்காத."

கழுவிவிடுகிற கோலத்தில் மெதுவென்ன, வேகமென்ன? இருந்தாலும் மெதுவாகத்தான் கழுவினான். கயிறு போயிற்று, புள்ளிகள் போயின, ஈரமான சிமென்ட் மட்டும் மிச்சம் இருந்தது. அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்குவதை அப்போதுதான் கவனித்தான். ஒரு கோலத்துக்கா இத்தனை அழுகை என்று பதறிப்போனான்.

"ஐயோ ஆன்ட்டி, அழாதீங்க. தாமரை, தேர், மயில்னு எத்தனை கோலம் இருக்கு! நாளைக்கே போடுங்க, நானே வந்து பாக்கறேன். போயும் போயும் யாரோ வரைஞ்ச இந்தக் கயித்துக்கா இவ்வளவு வருத்தம்?"

கலாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அது கயிறில்ல கண்ணு. எங்க பொண்ணு வான்மதி, உசுரோட இருந்தப்பப் போட்ட ஒரே கோலம்."