மூன்றாம் நாள் உபவாசம்

உபவாசத்தின் மூன்றாம் நாளிலும் ஊசியக்கா ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒளித்துவைத்துக்கூட அல்ல, தையல் மேசையின் நடுவில், எல்லோரும் பார்க்க.

"கொஞ்சம் உள்ளே போய்ச் சாப்பிடக்கூடாதா அக்கா? முதலாளி அண்ணன் பல்லுல பச்சைத் தண்ணிகூடப் படாம இருக்கார்" என்றார் அச்சு இயந்திரம் ஓட்டும் மிஷின்காரர்.

"உள்ளே வெளிச்சம் பத்தாது தம்பி."

"நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. யாருக்காக இந்த உபவாசம்? உங்க ஆளுங்களுக்காகத்தானே?"

உண்மைதான். அந்த அச்சகத்தில் பைண்டிங் என்றால் ஊசியக்காவும் அவருக்குக் கீழே மூன்று பெண்களும். மடிப்பது, அடுக்குவது, நூல்கொண்டு தைப்பது எல்லாம் அவர்கள் கைகளே. இனி அதற்கு ஓர் இயந்திரத்தை வாங்கிவிடலாமா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார்.

அவர் எல்லோருக்கும் அண்ணன். "என் வியாபாரத்துல நான் முடிவு எடுக்கறதில்லை. ஆண்டவர் எடுக்கறார், நான் கையெழுத்துப் போடறேன்" என்று வியாபாரிகள் சங்க மேடையிலேயே சொன்னவர். ஆகவே திங்கட்கிழமை காலை அறிவித்தார்: "மூணு நாள் உபவாசம் இருந்து அவரோட சித்தத்தைக் கேட்போம்."

மூன்று பெண்களும் தங்கள் பிழைப்புக்காக வயிறு காய்ந்தார்கள். அவர்களில் சின்னவளுக்கு இன்று எத்தனை முறை முயன்றும் ஊசியில் நூல் ஏறவில்லை. ஊசியக்கா ரொட்டியைப் பிட்டு அவளிடம் நீட்டினார்.

"வேண்டாங்க்கா. நான் சாப்பிட்டு, அதனாலேயே வேலை போச்சுன்னா?"

"அதனால போகாது. சாப்பிடுடி."

பிழைதிருத்துபவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க கெடறது போதாதுன்னு அவளையும் கெடுக்கறீங்களா? முதலாளி ஒருத்தர் தொழிலாளிக்காகப் பட்டினி கிடந்து எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

"இல்லை" என்றார் ஊசியக்கா. "பார்த்ததில்லை."

மாலை நான்கு மணிக்குக் காகிதக் கட்டுகளுக்கு நடுவே எல்லோரும் முழங்காலிட்டார்கள். அண்ணனின் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"இன்னிக்கு அக்கா ஜெபம் பண்ணட்டும்."

"என்னை விட்டுடுங்க அண்ணே."

"கூச்சப்படாதீங்க. நீங்க சாப்பிட்டதை நான் மனசுல வெச்சுக்கலை."

"அதுக்கில்லை. கண்ணை மூடிட்டா எனக்குப் பொய் வராது."

மிஷின்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் பெருந்தன்மையோடு சிரித்தார். "உண்மையையே சொல்லுங்க. அவருக்குத் தெரியாததா?"

ஊசியக்கா கண்களை மூடினார்.

"ஆண்டவரே, நம்ம அச்சகத்தோட புது விலைப்பட்டியல் புத்தகத்தை, இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம்னு அண்ணன் வெளியே வேற அச்சகத்துல கொடுத்து அடிச்சார். அங்கே தைக்க ஆள் கிடையாது. தையல் வேலை வந்தா அவங்க என் வீட்டுக்குத்தான் அனுப்புவாங்க; அது அண்ணனுக்குத் தெரியாது. போன சனிக்கிழமை இதையும் அனுப்பினாங்க."

யாரோ இருமத் தொடங்கி, பாதியில் அடக்கிக்கொண்டார்கள்.

"அடுத்த மாசத்துலேருந்து எல்லாம் இயந்திர பைண்டிங்னு முதல் பக்கத்துலயே போட்டிருந்தது. ஐந்நூறு பிரதியும் நான்தான் தைச்சேன். அண்ணனோட மரியாதை கெடக்கூடாதுன்னு இந்தப் பிள்ளைங்ககிட்டகூட மூச்சு விடலை. அவரே வாயைத் திறந்து சொல்லிடுவார்னு மூணு நாளாப் பார்த்தேன். சாப்பிடுங்கடின்னு சொன்னேன், இவங்க கேட்கலை."

கண்களைத் திறக்காமலே தொடர்ந்தார்.

"உம்முடைய சித்தம் என்னன்னு இனி நாங்க கேட்கலை ஆண்டவரே. எடுத்த முடிவை இவங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல அண்ணனுக்குத் தைரியத்தைத் தாரும். ஆமென்."

ஒவ்வொருவராகக் கண்களைத் திறந்தார்கள். பிழைதிருத்துபவர் தரையைப் பார்த்தார். மிஷின்காரர் எழுந்து, சின்னவளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

அண்ணன் மட்டும், இன்னும் ஜெபித்துக்கொண்டிருப்பவரைப் போல, கண்களை இறுக மூடியே வைத்திருந்தார்.