பஞ்சாட்சரம் வீட்டுக் கத்திரி

"இன்னாம்மா, மூணாவது தபாவும் இலை கிள்ள வந்துகினு கீற? செடிய மொட்டையாக்கிட்டுத்தான் போவியா?" என்றார் பஞ்சாட்சரம்.

சுதா சிரித்துச் சமாளித்தாள். காவாந்தண்டலத்தில் பஞ்சாட்சரம் வீட்டு வரிக் கத்திரி என்றால் உத்திரமேரூர் சந்தை வரைக்கும் பெயர். ஆறு வருடம் முன்பு வாடல் நோய் வந்து ஊரெல்லாம் கத்திரி காய்ந்தது. இதய ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் கழித்து அவர் வீடு திரும்பியபோது அவர் தோட்டம் மட்டும் பச்சையாக நின்றது. அன்றிலிருந்து அவருக்கு அதில் தனிப் பெருமை. தாத்தா பெயரில் பாரம்பரிய ரகமாகப் பதிவு செய்ய மனுவும் போட்டுவிட்டார். மரபணு அறிக்கை தரவேண்டியது சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் சுதா. வெள்ளிக்கிழமை கெடு.

அறிக்கைதான் எழுத முடியவில்லை. மற்ற சோதனைகளில் அது அசல் கத்திரியாகத்தான் தெரிந்தது. இலையில் பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்தின் மரபணுவை எடுத்து முப்பது ரகங்களோடு ஒப்பிட்டால் மட்டும், கத்திரிக் கூட்டத்தில் சேராமல், ஏரிக்கரையில் தானாக முளைக்கும் முள்ளுக்கத்திரியின் பக்கத்தில் போய் நின்றது.

முதல் முறை, இலை மாறியிருக்கும் என்றார் அவளுடைய பேராசிரியர். இரண்டாம் முறை அவளே கிள்ளிக்கொண்டு போனாள். அதே முடிவு. யாராவது விளையாடுகிறார்களா என்று கேட்டுவிட்டார்.

அதைச் சொன்னதும் பஞ்சாட்சரம் செவ்வந்தி பக்கம் திரும்பினார். பதினைந்து வருடமாக அந்தத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவள். சுதா வரும்போதெல்லாம் இலைக் கவர்களைப் பிடித்துக்கொள்வதும் அவள்தான். ஏரிக்கரை இலையை எடுத்துப் போட்டாயா என்று அதட்டினார். இல்லை என்று தலையாட்டிவிட்டு அவள் கீழே பார்த்தாள்.

சுதா பொறுமையாக விளக்கினாள். கத்திரியில் பசுங்கணிகம் தாய்ச்செடியிடமிருந்து மட்டும்தான் வரும். பூத்தூள் எந்தச் செடியுடையதாக இருந்தாலும் அது மாறாது. அப்படியென்றால் இந்தக் கத்திரிக்கு ஆதித் தாய் முள்ளுக்கத்திரி.

"எங்க தாத்தா போயும் போயும் முள்ளுக்கத்திரியவா வெச்சிருந்தாரு?"

"அதான் ஐயா எனக்கும் புரியல. தேனீ பூத்தூளக் கொண்டுபோயிருக்கலாம். ஆனா அந்த முள்ளுக்கத்திரியோட விதைய யாராவது எடுத்து, வருஷா வருஷம் வளர்த்திருக்கணும்."

எங்கள் வீட்டில் அப்படி யாரும் செய்யவில்லை என்றார் அவர். தாத்தா கொடுத்த விதையை அப்பா விதைத்தார், அப்பா கொடுத்ததைத் தான் விதைத்ததாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் தணிந்தது. சுதாவுக்கு வேறு வழி தெரியவில்லை. முடிவு தெளிவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும், மனு தள்ளுபடியாகலாம் என்றாள்.

"மேடம், உங்க டெஸ்டுல தப்பில்ல," என்றாள் செவ்வந்தி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு விதைப் பண்ணையில கிராசிங் வேலை செஞ்சேன். ஒரு செடிப் பூவுல இன்னொரு செடிப் பூத்தூளத் தடவுற வேலை. இங்க வந்தப்புறம் பாத்தா, வருசா வருசம் அங்கங்க ஒண்ணு ரெண்டு கத்திரி வாடும், ஏரிக்கரை முள்ளுக்கத்திரிக்கு மட்டும் அந்த நோவே வர்ல. என் வூட்டாண்ட அத்த வெச்சி, அதும் பூவுல ஐயா செடிப் பூத்தூளத் தடவுனேன். அதுல வந்த செடிக்கும் மறுபடி அதையே தடவுனேன். முள்ளு போயி காய் இதே மாதிரி வர்றதுக்கு அஞ்சு வருசம் ஆச்சு."

பஞ்சாட்சரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அது உன் வூட்டாண்ட. இது எங்க தாத்தா விதையாச்சே?"

"நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்போ அது ஒண்ணு விடாம வாடிப்போச்சுங்க ஐயா. அந்த ஒடம்போட வந்த உங்ககிட்ட சொல்ல மனசு வர்ல. ஆறு வருசமா இந்தத் தோட்டத்துல காய்ச்சிகினு கீறது என் கத்திரி."