பத்தியமில்லாத நோயாளி

"பத்தியம் இல்லாத வைத்தியம் எந்த ஊரில இரிக்குகா?" என்று கேட்டாள் அடுத்த வீட்டு ஞானமலர். "நண்டைக் காய்ச்சிக் குடு. உன்ட மனிசன் கையால தொட்டா, ஆள் சொல்றது பொய்."

ஜூலி அடுப்புப் பக்கம் கையைக் காட்டினாள். நண்டு ஏற்கெனவே அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

கார் விபத்து நடந்து ஆறு வாரமாகிறது. உன்னிச்சையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பிய மாலையில், நெல் வட்டைகளுக்கு நடுவே போகும் வீதியில், குறுக்கே வந்த மாட்டுக்கு விலகிய கார் வாய்க்காலில் இறங்கியது. தலையில் அடிபட்டு மயங்கிய ஜூலி ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தாள்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல," என்றார் கணவர் மேர்வின். "எனக்கு மட்டும் கழுத்து ஒள்ளுப்பம் நோகுது, பெரிசா இல்ல."

எக்ஸ்ரேயில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆயினும் ஒவ்வொரு சனிக்கிழமையும் புளியந்தீவிலிருந்து உன்னிச்சைக்குப் போய், முறிவு நெரிவு வைத்தியர் அழகரத்தினத்திடம் எண்ணெய்க் கட்டுப் போட்டு வருவதாகச் சொன்னார்.

"நானும் வாறன்."

"நீ என்னத்துக்கு? உன்ட தலையடி மாறட்டும்."

எண்ணெய் மணந்தது உண்மை. ஆனால் கறை சட்டையின் கழுத்தில் இல்லை. வலது தோளில் இருந்தது. ஞாயிற்றுப் பூசையில் பின்வரிசைக்கு யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும்போதும் அந்தக் கழுத்து நோகவில்லை.

"இன்னும் ஒண்டு இரிக்கு." ஞானமலர் குரலைத் தாழ்த்தினாள். "போன சனி உன்னிச்சைப் பக்கம் போன நேரம் என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன். ஆட்டோவுக்க உன்ட மனிசன். பக்கத்தில ஒரு பொம்பிள. சின்ன வயசு. அவட தலை அந்தாள்ட தோளில. நான் சொல்லிட்டன், மறுகா உன்ட இஷ்டம்."

அன்று பகல் மேர்வின் நண்டுக்கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"உங்களுக்கு நண்டு ஆகுமா? வைத்தியர் பத்தியம் ஒண்டும் சொல்லல்லையா?"

"பத்தியமா?" கையிலிருந்த நண்டுக்கால் தட்டில் விழுந்தது. "அந்தாள் அப்பிடி ஒண்டும் சொல்லல்லயே."

எண்ணெய்க் கட்டுப் போடும் வைத்தியர் முதலில் விலக்குவது நண்டையும் இறாலையும்தான். வாவிக் கரையில் வாழும் எவருக்கும் அது தெரியும். வைத்தியரின் முன்னால் ஒரு நாளாவது நோயாளியாக இருந்தவருக்குத் தெரியாமற் போகுமா?

அடுத்த சனிக்கிழமை, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மேர்வினுக்கு முன்பே ஜூலி புறப்பட்டாள். கார்ச் சாவி ஆணியில் தொங்கியது. விபத்துக்குப் பின் அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. முதல் பஸ்ஸில் ஏறினாள். கணவனிடம் கேட்க வேண்டியவற்றை, உன்னிச்சை வரும்வரை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்திக்கொண்டாள். இருபது ஆண்டுக் குடித்தனம் அந்தக் கேள்விகளைத் தாங்குமா என்பதையும் எண்ணாமல் இல்லை.

"எனக்குக் கழுத்துச் சுளுக்கு, ஐயா," என்று வைத்தியரின் முன்னால் அமர்ந்தாள்.

அழகரத்தினம் அவளுடைய பிடரியில் இரண்டு விரலை வைத்தார். "கழுத்தைக் கிறுக்கிப் பாருங்க, புள்ள. மற்றப் பக்கமும் கிறுக்குங்க." அவள் இரு பக்கமும் கழுத்தைத் திருப்பியதும் கையை எடுத்துவிட்டார். "இது சுளுக்கு இல்ல, கோபம். என்ட எண்ணெய்க்கு அது மாறாது."

"மேர்வின் எண்டு ஒருத்தர் கழுத்துக்கு இஞ்ச வாறவரா?"

"மேர்வின் வாறவர். கழுத்துக்கு இல்ல."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மேர்வின் இறங்கினார். உள்ளேயிருந்த இளம்பெண்ணை இரண்டு கைகளாலும் தாங்கி இறக்கினார். அவள் அவருடைய வலது தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஜூலி எழுந்தாள்.

"அது அஜந்தா." வைத்தியர் எண்ணெயைச் சூடாக்கியபடி சொன்னார். "ஆறு கிழமைக்கு முன்ன சைக்கிளில வரக்குள்ள, வட்டைப் பக்கம் ஒரு கார் தட்டிப் போட்டுது. எலும்பு முறியல்ல எண்டு ஆஸ்பத்திரியில அனுப்பிட்டாங்க. முதுகு நெரிஞ்சு கிடக்கு. நிமிந்து இரிக்க ஏலா. இன்னும் மூணு கட்டுப் போட்டா, மறுகா தனிய நடப்பா."

"காரா?"

"ஓம். தட்டினவன் திரும்பியும் பாக்காம ஓடுற காலம் இது. இந்த மனிசன் மற்ற நாளே அவட வீடு தேடிப் போய், 'நான்தான் ஓட்டினன், பிழை என்னில' எண்டு நிண்டவர். ஒரு சனி தவறினதில்ல. ஆனா, வீட்டில மனிசிக்கு மட்டும் தெரியப்படாதாம். ஏனெண்டு கேட்டா வாய் திறக்கார்."

ஜூலி பஸ்ஸில் வரிசைப்படுத்திய கேள்விகளில் ஒன்றுகூட எஞ்சவில்லை.

படியேறிய மேர்வின் மனைவியைக் கண்டார். அவள் பேசப் போகிறாள் என்பதையும் கண்டார். ஆறு வாரமாகக் கழுத்து நோவென்றவரின் தலை, வேண்டாம் வேண்டாமென்று இடமும் வலமும் வேகமாக ஆடியது.

ஜூலி அதைப் பொருட்படுத்தவில்லை. நேரே அஜந்தாவின் முன்னால் போய் நின்றாள்.

"தங்கச்சி, அண்டைக்குக் கார் ஓட்டினது அவரில்ல. நான்."