படத்தில் இருந்த கிளாஸ்

“ஜனகன், வயது முப்பத்தொன்று, ரொறன்ரோ” என்று படத்தின் பின்னால் எழுதியிருந்தது. ஹோட்டல் மனேச்சர் என்றார் தரகர். மாப்பிள்ளையின் கையில் ஒரு கிளாஸ், அது நிறைய ஐஸ், மேலே புதினாக் கொத்து.

அது என்ன குடிவகை என்று நெளுக்குளத்திலிருந்து வெளிநாட்டுச் சிநேகிதன் ஒருவனுக்குக் கடிதம் போட்டுக் கேட்டவன் மணப்பெண் கஜேந்தினியின் அண்ணன் சுதாகரன். பதிலும் வந்தது: புதினா, சீனி, ஐஸ், போர்பன் விஸ்கி.

இன்றைக்கு ஜனகன் பெண் பார்க்க வருகிறார். குசினியில் சுதாகரன் சாக்கில் சுற்றிய ஐஸை உலக்கையால் குத்திக்கொண்டிருந்தான்.

“அண்ணா, விஸ்கிக்கு எங்கை போறது?”

“சாராயம் கிடக்கு, நிறம் ஒண்டுதானே! கெதியாப் புதினாவைக் கசக்கு பிள்ளை, வான் வாசலுக்கு வந்திட்டுது. இதைக் கண்டாரெண்டால் சம்மதம்தான். இந்த இடமாவது தட்டிப்போகாமல் சரிவரட்டும்.”

சுதாகரன் நீட்டிய கிளாஸைக் கண்டதும் ஜனகன் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

“அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியுமோ?”

“என்ன தெரியும்? நீங்கள் விரும்பிக் குடிக்கிறது எண்டு...”

“நான் குடிக்கிறதோ? நான் மனேச்சர் இல்லை. தரகர் சொன்னது பொய். எட்டு வருசமா ஒரு பாரிலை இதைக் கலக்கி, மேசை மேசையாக் கொண்டுபோய்க் குடுக்கிறன். எனக்கெண்டு ஒருத்தரும் இதைக் கலந்து தந்ததில்லை.”

சுதாகரன் தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

கஜேந்தினி அண்ணனின் கையிலிருந்த கிளாஸை வாங்கிக்கொண்டு ஜனகனிடம் போனாள். கதிரையை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

“இண்டைக்கு நீங்கள் இருந்து குடியுங்கோ.”