ரப்பர் பட்டையை அறுத்தது யார்?

"கத்தரிக்கோலால வெட்டிட்டு, அதுவா அறுந்துடுச்சுன்னு கதை விடறீங்களா?"

இரண்டாகப் போன ரப்பர் பட்டையைக் கணவனின் மூக்குக்கு நேராக ஆட்டினாள் கோதை. ராம்கியின் தோள்வலிக்குப் பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பட்டை அது. தினமும் காலையில் பத்து நிமிடம் இழுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு போயாகிவிட்டது, இது மூன்றாவது.

"சத்தியமா வெட்டலை கோதை. இழுத்தேன், பட்டுன்னு போயிடுச்சு!"

"எக்சர்சைஸுக்கு டிமிக்கி கொடுக்கறவருக்கு ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் கிடையாது. அவ்வளவுதான்."

ராம்கிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இந்த வருடம்தான் அபார்ட்மென்ட் சொசைட்டி டீமுக்கு அவனைக் கேப்டன் ஆக்கியிருந்தார்கள். பாவம், அதைப் புனேயின் சிஞ்ச்வட் பகுதி முழுக்கத் தம்பட்டம் வேறு அடித்துவிட்டான்.

"மூணாவது மாடி பாத்திமாவைக் கூப்பிடு. ரப்பர் கம்பெனி லேப்லதானே இருக்காங்க? அவங்க சொல்லட்டும்!"

பாத்திமா வந்தாள். பட்டையை விரலில் வளைத்துப் பார்த்தாள். குறுக்கே பொடிப்பொடியாக வெடிப்புகள் தெரிந்தன.

"அண்ணா வெட்டலைக்கா. இது ஓசோன் வேலை. வீட்ல ஓசோன் விடற மெஷின் ஏதாவது ஓடுதா?"

"பெட்ரூம்ல இருக்கே!" என்றாள் கோதை. "இந்த மழையில ஒரே ஈர வாடை. ஓசோன் விட்டா வாடை போயிடும்னு ஆன்லைன்ல வாங்கினேன். பகல் பூரா ஓடும்."

"அதான்! வாடையோட ரப்பரையும் சேர்த்துத் தின்னுடுச்சு."

"கேட்டியா? கேட்டியா?" ராம்கி துள்ளிக் குதித்தான். தோள்வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அவசரப்படாதீங்கண்ணா," என்றாள் பாத்திமா. "சும்மா கிடக்கிற ரப்பரை ஓசோன் இப்படி வெடிக்க வைக்காது. இழுத்தபடியே இருந்தாத்தான் வெடிக்கும். அதுக்கு உங்க பத்து நிமிஷம் பத்தவே பத்தாது. யாரோ இதை மணிக்கணக்கா இழுத்துக் கட்டி வெச்சிருக்காங்க."

ராம்கியின் முகம் விழுந்துவிட்டது. கையில் வந்த மேட்ச் மறுபடி நழுவுகிறதே! யார் கட்டியிருப்பார்கள் என்று அவனுக்குச் சுத்தமாக விளங்கவில்லை.

"சரி, போனது போகட்டும். புதுசு வாங்கினா, அதை யாரும் அந்த ரூம்ல இழுத்துக் கட்டாதீங்க. அது போதும்," என்று கிளம்பினாள் பாத்திமா.

"அதெப்படி?" கோதை பதறிப்போய்க் கேட்டாள். "அப்ப மழை விடற வரைக்கும் நான் துணியை எதுலதான் காயப்போடறது?"